வயதானால் தசைநாண் தேய்ந்துபோகிறதா? (விவாத இழை)

ஏப்ரல் 10, மாலை. கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

என் தந்தையாருக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய உடம்பு. சில மாதங்களாகக் காலையில் எழுந்து முதல் சில அடிகளை வைக்கும்போது குதிகாலுக்கு மேலே வலி பிடித்துக்கொள்கிறது. வயதாகிவிட்டது, நார் தேய்ந்துவிட்டது, ஓய்வாக இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் மகனுக்குப் பதின்மூன்று வயது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வலிக்கிறது என்கிறான். இளம் உடம்பு, எவ்வளவு ஓடினாலும் தாங்கும் என்கிறார் அவனுடைய பயிற்சியாளர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது: சிறுவயதில் நார் இளக்கமாக இருக்கும், முதுமையில் தேய்ந்திருக்கும், ஆகவே பெரியவர் அசையாமல் இருப்பதும் சிறியவன் ஓடுவதும்தான் முறை. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 10, இரவு

இரண்டு முடிவுகளும் தலைகீழாக இருக்கின்றன. உங்கள் தந்தையாரின் தசைநாணுக்கு அளவான சுமை வேண்டும். உங்கள் மகனுக்குத்தான் இப்போது சுமையைக் குறைக்க வேண்டும். இதை வெறும் கருத்தாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தண்டையார்பேட்டையில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வகையினர்தாம்: மூட்டை தூக்கியும் வலை இழுத்தும் உழைத்த பெரியவர்கள், பந்தின் பின்னாலோ குத்துச்சண்டைக் கூடத்திலோ ஓடும் பிள்ளைகள். இருவருக்கும் தவறான அறிவுரை கிடைப்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். தசையை எலும்போடு பிணைக்கும் நாணின் எடையில் பாதிக்கு மேல் நீர். நீரை நீக்கினால் மிஞ்சுவதில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம், அதிலும் முதல் வகைக் கொலாஜன். அதன் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் உடையது. மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஓர் இடம் தவறாமல் கிளைசினுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசினைத் தவிர வேறெதற்கும் அந்த மையத்தில் இடம் போதாது. இந்த மும்மடிச் சுருளை முதலில் முன்வைத்தவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்; ஆண்டு 1954. அடுத்த ஆண்டே, மூன்று சங்கிலிகளும் சேர்ந்து மேலும் ஒரு முறுக்கு கொள்கின்றன என்று தங்கள் அமைப்பைச் செம்மைப்படுத்தினார்கள். அவர்கள் ஆராய்ந்த எக்ஸ் கதிர்ப் படங்களில் கங்காருவின் வால் தசைநாணின் படங்களும் உண்டு. நமது ஊரில் தசைநாணைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது.

இந்த மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளித் தள்ளி அடுக்கப்படுவதால், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 67 நானோமீட்டருக்கு ஒரு முறை பட்டை தெரியும். அப்படி அடுக்கியது நுண்ணிழை. நுண்ணிழைகள் சேர்ந்தால் இழை. இழைகள் சேர்ந்தால் கற்றை. கற்றைகளைச் சுற்றி மெல்லிய சவ்வு. எல்லாம் சேர்ந்தால் நாண். காசிமேட்டில் விசைப்படகைக் கட்டும் வடத்தின் நுனியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, புரி, புரிக்குள் நூல், நூலுக்குள் நார் என்ற இந்த அடுக்கு உடனே விளங்கிவிடும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: ஓய்வில் இருக்கும் தசைநாணின் இழைகள் நேராக இல்லாமல் அலையலையாக நெளிந்திருக்கும். இழுக்கும்போது முதல் இரண்டு சதவீத நீட்சியில் அந்த நெளிவு நிமிர்கிறது. அதன் பிறகுதான் கொலாஜன் தானே இழுவையைத் தாங்கத் தொடங்குகிறது.

வளர்ச்சியைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 11

கருவில் இருக்கும் காலத்தில் நுண்ணிழைகள் மெலிந்தவை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமன். அந்தப் பருவத்தில் தசைநாண் செல்கள் விரல்போல நீண்ட நுனிகளை வெளியே நீட்டி, அந்த நுனிகளின் வழியாக நுண்ணிழைகளை நாணின் நீளவாக்கிலேயே வரிசையாக வைக்கின்றன. பிறந்த பிறகு அந்த நுனிகள் மறைந்துவிடுகின்றன. புதிய நுண்ணிழைகளைப் போடும் வேலை அதோடு பெரும்பாலும் முடிந்து, ஏற்கெனவே போட்டவற்றை நீட்டியும் பருக்க வைத்தும் பக்கத்தில் உள்ளவற்றோடு இணைத்தும் நாண் வளர்கிறது. பிறந்த எலிக்குட்டியின் வால் நாணைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சிறு புள்ளிகள் ஒரே அளவில் நிறைந்திருக்கும். வளர்ந்த எலியிடம் பார்த்தால் பெரிய வட்டங்களும் அவற்றின் இடுக்குகளில் சிறு வட்டங்களுமாக, முந்நூறு நானோமீட்டர் வரை பருத்தவை தெரியும். பருத்தவை இழுவையைத் தாங்குகின்றன. சிறியவை இடைவெளியை நிரப்பி, நழுவாமல் பிடித்துக்கொள்கின்றன.

செல்களும் மாறுகின்றன. குழந்தையின் நாணில் செல்கள் நிறைய, உருண்டையாக, சுறுசுறுப்பாக இருக்கும். வயது ஏற ஏறச் செல்கள் குறைந்து, மெலிந்து, இழைகளுக்கு நடுவே தட்டையாகப் படுத்துவிடுகின்றன.

இனி உங்கள் மகனின் வலி. பதின்மூன்று வயதில் எலும்பு விறுவிறுவென்று நீள்கிறது. தசை அதோடு ஓடிவந்து வலுப்பெறுகிறது. நாணின் விறைப்பு, அதாவது இழுத்தால் எளிதில் நீளாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்காமல் சற்றுப் பின்தங்கலாம். அதைவிட முக்கியமானது, முழங்கால் நாண் வந்து பற்றும் இடத்தில் எலும்பு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. ஓடுவதிலும் உதைப்பதிலும் வரும் இழுவை முழுவதும் அந்தக் குருத்தின் மேல் விழுகிறது. பெரியவர்களுக்கு நாண் நோகும். வளரும் பிள்ளைகளுக்கு நாண் பற்றியிருக்கும் இடம் நோகும். அவன் காட்டும் புடைப்பு ஆஸ்குட் ஷ்லாட்டர் எனப்படும் நிலையாக இருக்க வாய்ப்பு மிகுதி. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அதைவிடச் சற்று இளைய பிள்ளைகளுக்கு இதே சிக்கல் குதிகாலில் வரும்.

எவ்வளவு ஓடினாலும் தாங்கும் என்ற பேச்சை நான் ஏற்க மறுப்பது இதனால்தான்.

ஏப்ரல் 11, பின்னிரவு. எண்ணூர் வாசகர்

அப்படியானால் இந்த நாண் எந்த வயதில் முழுமை பெறுகிறது? தோலும் எலும்பும் புதுப்பித்துக்கொண்டே இருப்பதாகப் படித்திருக்கிறேன். நாணும் அப்படித்தானே?

ஏப்ரல் 12

இது நல்ல கேள்வி. இதற்கு விடை கிடைத்த வழியே தனிக்கதை.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963இல் அத்தகைய சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அது ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. காற்றில் உள்ள கார்பன் செடிக்குப் போகிறது. செடியிலிருந்து நம் சோற்றுக்கும், சோற்றிலிருந்து நம் உடம்புக்கும் வருகிறது. எந்த ஆண்டில் ஒரு திசு கட்டப்பட்டதோ, அந்த ஆண்டின் அளவு அதில் பதிந்துவிடும். அந்தத் திசு பின்னர் புதுப்பிக்கப்பட்டால் பதிவும் மாறிவிடும். புதுப்பிக்கப்படாவிட்டால் அப்படியே இருக்கும்.

டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பதிவை இறந்தவர்களின் குதிகால் நாண்களில் தேடி, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் மையப் பகுதியில் இருந்த கார்பன், அந்த மனிதர் ஏறத்தாழ பதினேழு வயதை அடையும் வரை காற்றில் இருந்த அளவோடு பொருந்தியது. அதன் பிறகு அங்கே குறிப்பிடத்தக்க புதுப்பிப்பு நடந்த தடயமே இல்லை. அதே மனிதர்களின் தசையில் தொடர்ந்த புதுப்பிப்பு தெரிந்தது.

இதை முதன்முதலாகப் படித்தபோது கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தேன். என்னிடம் வந்திருந்த ஒரு மீனவப் பெரியவர் எழுபதைக் கடந்தவர். கட்டுமரக் காலத்திலேயே கடலுக்குப் போனவர். அவர் குதிகாலில் நான் விரல் வைத்திருந்த நாணின் மையம், அவர் பதின்ம வயதில் மணலில் வலை இழுத்தபோது கட்டப்பட்டது. அவருடைய தோல் எத்தனையோ முறை மாறியிருக்கும். அந்த நாண் அன்றுமுதல் அதே நாண்.

ஆகவே எண்ணூர் வாசகருக்கு என் விடை: பதினேழு வயதுக்குள் கட்டி முடித்ததைத்தான் நாம் வாழ்நாள் முழுவதும் சுமக்கிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது என் குரல் உயர்வதற்கு இதுவே காரணம்.

ஏப்ரல் 13

நேற்றைய குறிப்போடு இன்னொன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால், பதினேழுக்குப் பிறகு என்ன செய்தாலும் பயனில்லை என்ற அர்த்தம் வந்துவிடும். மையம் நிலையானது என்பது ஒன்று. நாண் செத்த பொருள் என்பது வேறொன்று.

கடினமான பயிற்சிக்குப் பிறகு நாணில் கொலாஜன் உற்பத்தி கூடுவதை அடையாளமிட்ட அமினோ அமிலங்களைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். அணுகுண்டுக் கணக்கோடு இது எப்படிப் பொருந்தும்? 2020இல் வெளியான சுண்டெலி ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது. பருத்த நுண்ணிழைகள் நிரந்தரமாக இருக்க, அவற்றின் நடுவே மெல்லிய நுண்ணிழைகள் நாள்தோறும் கட்டப்பட்டுக் கலைக்கப்படுகின்றன. செல்லின் உள்கடிகாரம் அந்த வேலையை இரவு பகலுக்கு ஏற்ப நடத்துகிறது. நிரந்தரமான பெரும்பகுதியும் நாளாந்தம் மாறும் சிறுபகுதியும் ஒரே நாணில் இருக்கின்றன. சிறுபகுதியின் அளவு குறைவு என்பதால் மொத்தக் கார்பனை அளக்கும்போது அது கண்ணுக்குப் படாமல் போய்விடுகிறது.

சுண்டெலிக்கு உள்ளதெல்லாம் மனிதருக்கும் அப்படியே உண்டு என்று நான் எழுத மாட்டேன். ஆனாலும் இரண்டு ஆய்வுகளையும் ஒன்றையொன்று மறுப்பவையாக நிறுத்துவது தேவையில்லை என்பது என் கணிப்பு.

ஏப்ரல் 15

முதுமைக்கு வருவோம். இதை விளக்க ஆய்வகத்தைவிட அடுப்படி எனக்கு வசதியாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை ஆட்டுக்கால் பாயா வைப்பதுண்டு. கடையில் என் மாமியார் காலைக் கையிலெடுத்துக் குளம்பையும் எலும்பின் பருமனையும் பார்த்துவிட்டு, இளங்காலாக இருந்தால்தான் வாங்குவார். இளங்கால் குக்கரில் வெகு சீக்கிரம் வெந்துவிடும். ஜவ்வெல்லாம் கரைந்து, குழம்பு விரலில் ஒட்டும். மிச்சத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் அப்படியே உறைந்து நிற்கும். முற்றிய ஆட்டின் கால் என்றால் விசில் மேல் விசில் வந்தாலும் எலும்பை ஒட்டிய வெள்ளை நார் பல்லுக்கு மசியாது. ஒரே விலங்கு, ஒரே கொலாஜன், ஒரே கொதிநிலை. மாறியிருப்பது வயது ஒன்றுதான்.

வெந்நீர் மும்மடிச் சுருளைப் பிரித்துவிடும். பிரிந்த சங்கிலிகள் கரைந்து ஜெலட்டினாகும். ஆனால் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் இருந்தால், சுருள் அவிழ்ந்த பிறகும் சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக முடியாது. இளம் விலங்கில் இந்தப் பிணைப்புகள் இரண்டு இடங்களை மட்டும் இணைப்பவை. சூட்டில் எளிதாக விட்டுவிடும். லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதி தாமிரத்தின் துணையோடு இவற்றைத் தொடங்கிவைக்கிறது. வளர வளர, அவை மெல்ல மெல்ல மூன்று இடங்களைப் பிணைக்கும் முதிர்ந்த பிணைப்புகளாக மாறுகின்றன. அவை சூட்டுக்கு அசைவதில்லை. கசாப்புக் கடையில் இளங்கால் கேட்பவர் உண்மையில் முதிராத பிணைப்புகளைக் கேட்கிறார்.

இதையே அறிவியலாக அளந்தவர் ஃபிரிட்ஸ் வெர்சார். 1950களில் சுவிட்சர்லாந்தில் எலியின் வால் நாணிழையைச் சூடான நீரில் தொங்கவிட்டார். சூட்டில் இழை சுருங்கும். சுருங்காமல் தடுக்க அதன் நுனியில் எவ்வளவு எடை கட்ட வேண்டும் என்று பார்த்தார். எலிக்கு வயது ஏற ஏறக் கட்ட வேண்டிய எடையும் ஏறிக்கொண்டே போனது. வயதை நாணிலேயே அளந்துவிட்டார்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். முதிர்ந்த நாணில் கொலாஜன் அரைபட்டுக் குறைந்துபோனதாக இந்தச் சோதனை சொல்லவில்லை. அது மேலும் மேலும் பிணைந்து இறுகிப்போனதாகவே சொல்கிறது. வளரும் வயதில் அந்த இறுக்கம் நமக்கு வேண்டும். அதுதான் குழந்தையின் நாணை ஓடும் மனிதரின் நாணாக்குகிறது.

ஏப்ரல் 15, இரவு

சர்க்கரை நோயைப் பற்றி மேலே எழுத விட்டுப்போயிற்று. நொதி தொடங்கிவைக்கும் பிணைப்புகள் ஒழுங்கானவை. மூலக்கூறின் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் விழுபவை. இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நொதியின் துணையில்லாமல் தானே கொலாஜனில் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் மாறி, இன்னொரு வகைப் பிணைப்பை உண்டாக்கும். குளுக்கோசெபேன் அவற்றில் முதன்மையானது. புதுப்பிக்கப்படாத கொலாஜனில் அது சேர்ந்துகொண்டே போகும். சர்க்கரை அதிகம் இருந்தால் வேகமாகச் சேரும். இழுவையின்போது நுண்ணிழைகள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல நழுவி விசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்; இந்தப் பிணைப்பு அந்த நழுவலைத் தடுக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் குதிகால் நாண் தடித்தும் ஒழுங்கு குலைந்தும் இருப்பதை ஸ்கேனில் காணலாம். நாற்பது வயதிலேயே அறுபதின் நாணைக் கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது சர்க்கரை அளவைத்தான்.

ஏப்ரல் 17. எண்ணூர் வாசகர்

இறுகினால் உறுதிதானே கூட வேண்டும்? பிறகு ஏன் முதியவர்களின் நாண் பிய்கிறது?

ஏப்ரல் 18

இந்தக் கேள்வியில் நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தேன். விடை நுண்ணிழைக்குள் இல்லை. கற்றைகளுக்கு நடுவில் இருக்கிறது.

குதிரையில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். குதிரையின் முன்னங்காலின் பின்புறம் உள்ள மடக்கு நாண் ஓடும்போது சுருள்வில்லாக வேலை செய்து ஆற்றலைச் சேமிக்கிறது. முன்புறம் உள்ள நீட்டு நாண் காலை அதனதன் இடத்தில் வைப்பதோடு சரி. கொலாஜனின் அரை ஆயுளை, அதாவது அதில் பாதி மாறுவதற்கு ஆகும் காலத்தை, கணக்கிட்டபோது நீட்டு நாணில் 34 ஆண்டுகள் வந்தது. மடக்கு நாணிலோ 198 ஆண்டுகள். குதிரை முப்பது ஆண்டுகள் வாழ்வதே அரிது. அதிகம் உழைக்கும் நாணில்தான் கொலாஜன் ஏறத்தாழ தொடப்படாமலே கிடக்கிறது. ஓயாமல் இழுபடும் கட்டமைப்பைப் பிரித்துப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தால் அதுவே ஆபத்தாகிவிடும் என்பதற்காக இப்படி அமைந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

அந்த மடக்கு நாண் நீள்வதில் பெரும்பங்கு கற்றைகள் தங்களுக்குள் நழுவுவதால் கிடைக்கிறது. கற்றைகளைச் சுற்றியுள்ள சவ்வு மென்மையாக, நெகிழ்வாக இருக்கும்வரை அந்த நழுவல் நடக்கும். கற்றைகளே சற்று முறுக்கிய சுருளாக இருப்பதால் இழுத்தால் அவிழ்ந்து, விட்டால் திரும்பும். குதிரைக்கு வயதாகும்போது சவ்வு விறைக்கிறது, கற்றையின் முறுக்கும் தளர்கிறது. கற்றைகள் நழுவ முடியாதபோது அந்த நீட்சி முழுவதையும் கற்றைகளே தாங்க வேண்டும். திரும்பத் திரும்ப இழுத்தால் முன்பைவிடச் சீக்கிரம் களைத்துச் சிதைகின்றன. இழுவைக்கு முன் நிமிரும் அலைநெளிவும் முதிர்ந்த விலங்குகளில் ஆழம் குறைந்துவிடுகிறது; அதாவது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அந்தச் சிறு இடைவெளியும் சுருங்குகிறது. நுண்ணிழைகளின் சராசரிப் பருமனும் சில நாண்களில் முதுமையில் குறைகிறது. நீரும் குறைகிறது.

ஆகவே கொலாஜன் உள்ளே இறுக, நாண் முழுமையாகப் பார்க்கும்போது மனிதரிடம் முதுமையில் விறைப்பு குறைவதாகவும் அளவீடுகள் வருகின்றன. இறுக்கம் ஒரு மட்டத்தில் நடக்க, தளர்ச்சி அதற்கு மேல் மட்டத்தில் நடக்கிறது. நாண் ஒரே பொருளால் ஆன குச்சி என்று எண்ணினால் இது முரணாகத் தோன்றும்.

பிய்வதைப் பற்றி ஒரு சொல். குதிகால் நாண் அறுந்து வருபவர்களில் மிகுதியானோர் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குட்பட்டவர்கள், கிழவர்கள் அல்லர். வாரம் முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று மட்டைப்பந்தாட்டத்தில் பாய்கிறவர்கள். மாறத் தொடங்கிய நாணும் குறையாத தசை வலிமையும் ஒரே உடம்பில் சந்திக்கும் வயது அது.

ஏப்ரல் 20

வண்ணாரப்பேட்டை வாசகர் தம் தந்தையாரை என்னிடம் அழைத்து வந்தார். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன்.

பெரியவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்குமாறு செய்தேன். இடது நாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் குதிகாலிலிருந்து மேலே நகர்த்தினேன். ஓரங்கள் கூர்மையாக, பக்கங்கள் தட்டையாக, சுத்தமாக இருந்தது. வலது நாணில் விரல் ஏறி நான்கு சென்டிமீட்டரை நெருங்கியதும் ஓரம் மறைந்து கதிர்போலப் பருத்தது. அங்கே லேசாக அழுத்தியதும் அவர் காலை இழுத்துக்கொண்டு, "அங்கதான் சார், அதே எடம்" என்றார். எலும்பில் பற்றும் இடத்தில் வலி இல்லை. குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையுள்ள பகுதி இரத்த ஓட்டம் குறைந்தது. இந்த வீக்கம் வழக்கமாக வருவதும் அங்கேதான்.

அந்தப் பருத்த இடத்தில் கொலாஜன் தேய்ந்து குறைந்திருந்தால் நாண் மெலிந்திருக்க வேண்டும். மெலியவில்லை, தடித்திருக்கிறது. உள்ளே செல்கள் பழுதுபார்க்க முயன்றிருக்கின்றன. ஒழுங்கற்ற இழைகள், மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன், அவற்றின் நடுவே நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கையில் நாண் அறுந்து தைக்கப்பட்டவர்களிடமும் ஆறும்போது முதலில் வருவது இந்த மூன்றாம் வகைதான். முதல் வகை அந்த இடத்தைப் பிடித்துச் சீராக மாதங்கள் ஆகும். இழுவை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில்தான் புதிய இழைகள் வரிசை கொள்ளும். இழுவையே இல்லையென்றால் எந்தத் திசையில் வரிசை கொள்வது? பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்த அறிவுரையில் எனக்கு வருத்தம் இதனால்தான்.

அவருக்குக் குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறையில் இது பன்னிரண்டு வாரம், நாளுக்கு இரு வேளை, படியின் விளிம்பில் நின்று செய்வது. முழங்காலை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று சுற்று, சற்று மடக்கி அதேபோல் மூன்று சுற்று. எடையை ஏற்றி மெதுவாகச் செய்யும் முறையும் அதே பலனைத் தருவதாகப் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரியவருக்கு முதலில் தரையில் இரண்டு காலாலும், சுவரைப் பிடித்துக்கொண்டு. படிக்கு வர அவசரமில்லை.

ஏப்ரல் 21

அறுபத்திரண்டில் பயிற்சி செய்து என்ன மாறப்போகிறது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் முதியவர்கள் பதினான்கு வாரம் கால் வலிமைப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய முழங்கால் நாணின் விறைப்பு ஏறத்தாழ 65 சதவீதம் கூடியது. நாணின் பருமனோ மாறவில்லை. பருமன் மாறாமல் விறைப்பு கூடினால் பொருளின் தன்மையே மாறியிருக்கிறது என்று பொருள். தடுமாறி விழப்போகும் முதியவரின் காலில் தசையின் விசையை எலும்புக்கு விரைவாகக் கொண்டுசேர்ப்பது இந்த விறைப்புதான். மையம் பதினேழு வயதில் கட்டியதாகவே இருக்கட்டும். அந்த நாணை முழுவதாகப் பார்த்தால் எழுபதிலும் அது பயிற்சிக்கு இசைகிறது.

ஏப்ரல் 24

மகனைப் பற்றிய கேள்விக்குத் தாமதமாக எழுதுகிறேன். அவனையும் பார்த்தேன். கால்முட்டியின் கீழ்ப் புடைப்பில் தொட்டால் நோவு. குந்தி எழுந்தால் நோவு. நாணின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது. எதிர்பார்த்தது இதுதான்.

ஆட்டத்தை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளையின் நாணும் இழுவையைக் கண்டுதான் பருக்கிறது. ஓடாத பிள்ளைக்கு நல்ல நாண் வாய்க்காது. கோடை விடுமுறையில் காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு, இடையில் ஐவர் ஆட்டம் என்று மூன்று வேளையும் கட்டாந்தரையில் ஓடுவதைத்தான் நிறுத்தச் சொன்னேன். ஒரு வேளை ஆடட்டும். குதித்தலும் நீண்ட உதைகளும் குறையட்டும். மறுநாள் காலையில் வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் அன்று ஓய்வு. மாதம் ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரத்தைக் குறிக்கச் சொன்னேன். கோடு சட்டென்று உயரும் மாதங்களில் பயிற்சியை இன்னும் குறைக்க வேண்டும். வளர்ச்சி தணிந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

பயிற்சியாளரிடமும் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டார், உயரக் கோட்டைத் தம் குழுவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 27

கொலாஜன் தூள் வாங்கலாமா, பாயா குடித்தால் நாண் வளருமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். விழுங்கும் கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் உள்ளே போகிறது. அது அப்படியே குதிகாலில் போய் ஒட்டாது. பாயா நல்ல உணவு, அதை அதற்காகவே குடியுங்கள். உடம்பு கொலாஜன் செய்யும்போது புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்க வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மும்மடிச் சுருள் உடம்பின் சூட்டில் நிலைக்காது. நெல்லிக்காயும் கொய்யாவும் அதற்குப் போதும். விலையுயர்ந்த டப்பா தேவையில்லை.

இதைவிட முக்கியமாக ஒன்று. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் நாணைப் பாதிக்கக்கூடியவை. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றின் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கை அச்சிட வைத்தது. அறுபது கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் தெருக்களில் இவற்றைச் சீட்டில்லாமலே வாங்கி விழுங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் இவற்றை எடுக்கும் நாள்களில் குதிகாலுக்கு மேலே புதிதாக வலி வந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு, மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.